கூகுளுக்கு எழுத்துப் பிழை, இன்டெலுக்கு இரைச்சல்

1997 செப்டம்பர். கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் லாரி பேஜும் அவருடைய சக ஆராய்ச்சி மாணவர் ஷான் ஆண்டர்சனும் வெண்பலகையில் எழுதுவதும் அழிப்பதுமாகப் பெயர் தேடிக்கொண்டிருந்தார்கள். பேஜும் செர்கெய் பிரின்னும் உருவாக்கிய தேடுபொறிக்கு அதுவரை 'பேக்ரப்' என்று பெயர். முதுகு தேய்த்துவிடுவது என்று பொருள். கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் காரணமில்லாமல் வைத்த பெயரல்ல. ஒரு வலைப்பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை மட்டும் பார்க்காமல், அதைச் சுட்டி வேறு எத்தனை பக்கங்கள், எவ்வளவு மதிப்புள்ள பக்கங்கள் இணைப்புக் கொடுத்திருக்கின்றன என்று கணக்கெடுத்ததுதான் அந்தத் தேடுபொறியின் புதுமை. பின்னாலிருந்து வரும் அந்த இணைப்புகளுக்கு 'பேக்லிங்க்' என்று பெயர். அதிலிருந்துதான் 'பேக்ரப்' என்ற வேடிக்கை.

ஆண்டர்சன் 'கூகல்பிளக்ஸ்' என்றார். அவ்வளவு நீளம் வேண்டாம், 'கூகல்' போதும் என்றார் பேஜ். அந்த இணைய முகவரி காலியாக இருக்கிறதா என்று பார்க்க ஆண்டர்சன் கணினியில் தட்டினார். ஆங்கிலத்தில் ஓ-எல் என்று முடிய வேண்டிய சொல்லை எல்-இ என்று முடித்துவிட்டார். பிழையாகத் தட்டிய முகவரி காலியாக இருந்தது. பேஜுக்கும் அது பிடித்துப்போயிற்று. செப்டம்பர் 15 அன்று பதிவும் ஆயிற்று. நிறுவனம் பிறந்தது அடுத்த ஆண்டில்தான்.

பிழையின்றி எழுதினால் 'கூகல்' என்பது ஓர் எண். 1 எழுதி அதன்பின் 100 சுழியங்கள் போட வேண்டும். கொலம்பியா பல்கலைக்கழகக் கணித அறிஞர் எட்வர்டு காஸ்னர், இவ்வளவு பெரிய எண்ணுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று தன் சகோதரியின் 9 வயது மகன் மில்டன் சிரோட்டாவிடம் கேட்டார். பையன் சொன்னதுதான் 'கூகல்'. அதைவிடப் பெரியதற்கு 'கூகல்பிளக்ஸ்' என்றும் சொன்னான். 1 போட்டு, கை வலிக்கும் வரை சுழியம் எழுதிக்கொண்டே போவது என்பது அவன் கொடுத்த இலக்கணம். ஆளுக்கு ஆள் கை வலிக்கும் நேரம் மாறுமே என்பதால், 1-க்குப் பின் ஒரு கூகல் சுழியங்கள் என்று காஸ்னர் அதைத் திருத்தினார். ஜேம்ஸ் நியூமனோடு சேர்ந்து 1940-இல் அவர் எழுதிய நூலின் வழியாக இந்த எண் உலகத்துக்கு அறிமுகமாயிற்று.

இவ்வளவு பெரிய எண் எதற்கு? மிகப் பெரியது வேறு, முடிவிலி வேறு என்று காட்டத்தான் காஸ்னர் இதைப் பயன்படுத்தினார். நம் பார்வைக்கு எட்டும் பிரபஞ்சத்தில் உள்ள அணுக்களை எண்ணினால் 1-க்குப் பின் சுமார் 80 சுழியங்கள் வரும் என்பது மதிப்பீடு. கூகல் அதைவிடப் பன்மடங்கு பெரியது. ஆனால் சதுரங்கப் பலகையில் ஆடக்கூடிய ஆட்டங்கள் எத்தனை விதம் என்று 1950-இல் கிளாட் ஷானன் போட்ட உத்தேசக் கணக்கில் 120 சுழியங்கள் வந்தன. 64 கட்டங்களுக்குள் கூகலும் அடங்கிவிட்டது. இணையத்தில் கொட்டிக் கிடக்கும் தகவலுக்கு உவமையாகத்தான் பேஜ் இதை எடுத்தார். உயர்வு நவிற்சிதான், ஆனால் புதுத் தொழில் தொடங்குபவருக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி?

இன்டெலின் கதையில் பிழை நேரவில்லை. நேர இருந்ததைத் தவிர்த்தார்கள். 1968-இல் ராபர்ட் நாய்ஸும் கார்டன் மூரும் ஃபேர்சைல்டு நிறுவனத்தை விட்டு வெளியே வந்து தனிக்கடை போட்டார்கள். தொடங்கியவர்களின் பெயர்களைச் சேர்த்து வைப்பது அந்த வட்டாரத்து வழக்கம். ஹியூலெட்டும் பேக்கார்டும் யார் பெயர் முதலில் என்று நாணயம் சுண்டித்தான் முடிவு செய்தார்கள். ஆனால் மூர், நாய்ஸ் என்று சேர்த்துச் சொன்னால் ஆங்கிலக் காதுக்கு 'மோர் நாய்ஸ்', அதாவது 'இன்னும் அதிக இரைச்சல்' என்று கேட்கும். மின்னணுச் சில்லு விற்கப் போகிறவருக்கு இதைவிடக் கெட்ட பெயர் கிடைக்காது. மின்னணுவியலில் இரைச்சல் என்றால் வேண்டாத சைகை. எந்த மின்தடையிலும் வெப்பத்தால் எலெக்ட்ரான்கள் தாறுமாறாக அலைந்துகொண்டே இருக்கும். அந்த அலைச்சலே ஒரு சன்னமான இரைச்சலாகச் சுற்றில் கலந்துவிடும். அதை முற்றாக ஒழிக்க முடியாது. நல்ல சைகை அதற்கு மேலே தலைதூக்கி நிற்கும்படி பார்த்துக்கொள்வதுதான் பொறியாளரின் பிழைப்பு.

ஆகவே சில நாள் என்.எம். எலெக்ட்ரானிக்ஸ் என்று இருந்துவிட்டு, 'இன்டெக்ரேட்டட் எலெக்ட்ரானிக்ஸ்' என்பதைச் சுருக்கி இன்டெல் ஆனார்கள். ஒருங்கிணைந்த மின்னணுவியல் என்பது அன்று வெறும் விளம்பரச் சொல்லல்ல. அதற்கு முன் டிரான்சிஸ்டர், மின்தடை, மின்தேக்கி எல்லாவற்றையும் தனித்தனியே செய்து, கம்பியால் இணைத்துப் பற்றவைப்பார்கள். 1958-இல் ஜாக் கில்பி எல்லாவற்றையும் ஒரே குறைகடத்தித் துண்டில் வைத்துக் காட்டினார். ஆனால் உறுப்புகளை இணைக்க மெல்லிய தங்கக் கம்பிகள் தேவைப்பட்டன. 1959-இல் அந்தக் கம்பிகளையும் ஒழித்து, சிலிக்கான் பரப்பின் மேலேயே உலோகக் கோடுகளைப் படியவைக்கும் வழியைச் சொன்னவர் நாய்ஸ். ஆக, தன் பெயரை வைக்க முடியாமல் போனவர் தன் கண்டுபிடிப்பின் பெயரை வைத்துவிட்டார். இன்டெல்கோ என்ற பெயரை ஏற்கெனவே ஓர் ஓட்டல் குழுமம் வைத்திருந்ததால் உரிமையைக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது.

என் கணக்கில், ஒரு தொழில்நுட்ப நிறுவனத்தின் பெயரைத் தோண்டினால் அதன் இலட்சியத்தைவிட அது பிறந்த நாளில் மேசைமேல் இருந்த வேலைதான் முதலில் அகப்படும். தொழில் மாறிப்போகும், பெயர் மட்டும் பழைய வேலையைச் சொல்லிக்கொண்டிருக்கும். இதற்கு ஜெராக்ஸைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

தாலுகா அலுவலகத்துக்கு எதிரில் நின்று 'ஆதார் ரெண்டு ஜெராக்ஸ்' என்று கேட்கும்போது நாம் ஒரு கிரேக்கச் சொல்லைச் சொல்கிறோம். 'செரோஸ்' என்றால் உலர்ந்தது. உலர்ந்தது என்று ஏன் பெருமையாகச் சொல்ல வேண்டும்? அதுவரை நகல் என்றாலே ஈரம். ஒளிப்படத் தாளில் படமெடுத்து, ரசாயனத் தொட்டியில் முக்கி, அலசிக் காயவைக்க வேண்டும். ஒரு கம்பெனியின் காப்புரிமைப் பிரிவில் வேலை பார்த்த செஸ்டர் கார்ல்சனுக்கு ஆவணங்களுக்கு நகல் எடுப்பதே தீராத தலைவலி. மூட்டுவாதம் வேறு.

1938 அக்டோபர் 22. நியூயார்க் நகரின் அஸ்டோரியா பகுதி. கார்ல்சனும் அவருடைய உதவியாளர் ஓட்டோ கோர்னையும் ஒரு துத்தநாகத் தகட்டில் கந்தகம் பூசினார்கள். இருட்டில் அதைத் துணியால் பரபரவென்று தேய்த்தார்கள். கந்தகப் பரப்பில் நிலைமின்னேற்றம் ஏறியது. ஒரு கண்ணாடிச் சில்லில் அன்றைய தேதியையும் அஸ்டோரியா என்ற ஊர்ப்பெயரையும் மையால் எழுதி, தகட்டின்மேல் வைத்து, பளிச்சென்ற விளக்கைச் சில நொடி காட்டினார்கள். ஒளி பட்ட இடத்தில் கந்தகம் மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கி, மின்னேற்றம் வடிந்துபோயிற்று. எழுத்தின் நிழல் விழுந்த இடத்தில் மட்டும் மின்னேற்றம் தங்கியது. கண்ணுக்குத் தெரியாத அந்த எழுத்தின்மேல் லைகோபோடியம் என்ற தாவரத்தின் வித்துத்தூளைத் தூவி ஊதியதும், மிச்சம் பறந்துபோய் எழுத்து மட்டும் தூளாக நின்றது. மெழுகுத் தாளை அதன்மேல் அழுத்தி, தூளைத் தாளுக்கு மாற்றி, சூடு காட்டினார்கள். மெழுகு இளகித் தூளைப் பிடித்துக்கொண்டது.

இன்றைய நகல் இயந்திரத்துக்குள்ளும் இதே படிகள்தான் நடக்கின்றன. கந்தகத் தகட்டுக்குப் பதில் உருளை, வித்துத்தூளுக்குப் பதில் டோனர், துணி தேய்ப்புக்குப் பதில் உயர் மின்னழுத்தம். கடைக்காரர் நீட்டும் தாள் கைக்குச் சூடாக இருப்பது டோனரை உருக்கிப் பதிக்கும் சூட்டினால்தான்.

கார்ல்சன் இதற்கு வைத்த பெயர் 'எலெக்ட்ரோஃபோட்டோகிராஃபி'. வாயில் நுழையாது. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிரேக்கம், லத்தீன் கற்பித்த ஒரு பேராசிரியர் 'செரோகிராஃபி', அதாவது உலர் எழுத்து என்று சொல்லிக் கொடுத்தார். இந்த நுட்பத்தை உரிமம் பெற்று விற்ற நிறுவனத்தின் பெயர் ஹாலாய்டு. ராச்செஸ்டர் நகரில் 1906-இல் ஒளிப்படத் தாள் செய்யத் தொடங்கிய கம்பெனி அது. ஹாலாய்டு என்பதும் கிரேக்கம்தான், உப்புப் போன்றது என்று பொருள். ஒளிப்படத் தாளில் பூசும் வெள்ளி உப்புகளைக் குறிக்கும் வேதியியல் சொல். 914 என்ற இயந்திரம் 1959-இல் வெளிவந்து விற்பனை பிய்த்துக்கொண்டு போனதும், 1961-இல் ஹாலாய்டை உதறிவிட்டு வெறும் ஜெராக்ஸ் ஆனார்கள். உப்பையும் ஈரத்தையும் விட்டு உலர் முறைக்குத் தாவிய ஒரு தொழிலின் வரலாறு முழுவதும் இந்த இரண்டு பெயர்களுக்குள் இருக்கிறது.

பலகையில் ஜெராக்ஸ் என்று எழுதியிருக்கும் கடைக்குள் போனால் இருப்பது பல நேரம் கேனன் இயந்திரம். ஜெராக்ஸின் காப்புரிமைகளில் சிக்காமல் 1960-களின் இறுதியில் தனக்கென ஓர் உலர்நகல் முறையை உருவாக்கிய நிறுவனம் அது. ஆனால் அது பிறந்தபோது மேசைமேல் இருந்தது கேமரா. டோக்கியோவில் கோரோ யோஷிடா என்பவர் ஜெர்மனியின் லைக்கா கேமராவைப் பிரித்துப் போட்டுப் பார்த்தார். உள்ளே பித்தளை, அலுமினியம், இரும்பு, ரப்பர் தவிர வேறெதுவும் இல்லை. இதற்கா இவ்வளவு விலை என்று அவருக்கு ஆத்திரம் வந்தது. தானே செய்த மாதிரிக்கு 1934-இல் 'குவானன்' என்று பெயர் வைத்தார். ஜப்பானியர் வழிபடும் கருணைத் தெய்வம் கன்னோனின் பெயர். அதன் லென்ஸுக்குப் புத்தரின் சீடர் மகாகாசியபரை நினைத்து 'காஸ்யபா' என்று பெயர். அன்றைய சின்னத்தில் ஆயிரம் கைகளோடு தெய்வமே வீற்றிருந்தது.

கன்னோன் யார்? சமஸ்கிருதத்து அவலோகிதேசுவரர் சீனம் போய் குவான்யின் ஆகி, ஜப்பான் போய் கன்னோன் ஆனவர். அவலோகித என்றால் கீழ்நோக்கிப் பார்த்தல். பார்க்கும் கருவிக்குப் பொருத்தமான தெய்வம். தமிழ் படித்தவர்களுக்கு அவர் புதியவரல்ல. அகத்தியர் தமிழைக் கேட்டறிந்தது அவலோகிதரிடம் என்று சொல்கிறது, 11-ஆம் நூற்றாண்டில் பௌத்தரான புத்தமித்திரனார் எழுதிய வீரசோழியம். அகத்தியருக்குத் தமிழ் சொன்னவரின் பெயரில்தான் ஜப்பானின் ஒரு கேமரா பிறந்தது. வெளிநாட்டுச் சந்தைக்குத் தெய்வப் பெயர் சரிப்படாது என்று 1935-இல் ஓசை ஒத்த 'கேனன்' என்ற சொல்லைப் பதிவு செய்தார்கள். ஐரோப்பிய மொழிகளில் அதற்கு அளவுகோல், நெறி, திருமறைத் தொகுதி என்று பல பொருள். ஒலி மாறாமல் மதம் மாறிய பெயர் எனலாம்.

சோனிக்கும் காது பார்த்துத்தான் பெயர் வைத்தார்கள். ஒலியைக் குறிக்கும் லத்தீன் 'சோனுஸ்', பையன் என்னும் ஆங்கிலச் செல்லச்சொல் 'சன்னி' இரண்டையும் குழைத்தார்கள். ஆங்கிலத்தில் 'சன்னி' என்று எழுதும் எழுத்துகளை ஜப்பானியர் வாசித்தால் நட்டம் என்னும் பொருள் தொனிக்கும் என்பதால் ஓர் எழுத்தைக் குறைத்தார்கள். வானொலியும் டேப் ரிக்கார்டரும் விற்றவர்கள் வேறென்ன வைப்பார்கள்?

இன்று எல்லார் வாயிலும் இருக்கும் என்விடியாவுக்கு வருவோம். 1993-இல் ஜென்சன் ஹுவாங், கிறிஸ் மலச்சோவ்ஸ்கி, கர்ட்டிஸ் பிரீம் மூவரும் தொடங்கியபோது நிறுவனத்துக்குப் பெயரே இல்லை. தங்கள் கோப்புகளுக்கெல்லாம் 'அடுத்த பதிப்பு' என்ற பொருளில் என்.வி. என்று போட்டு வைத்தார்கள். பிறகு அந்த இரண்டு எழுத்தும் வரும் சொல்லைத் தேடி லத்தீனில் 'இன்விடியா'வைப் பிடித்தார்கள். பொறாமை என்று பொருள். அந்தச் சொல்லின் வேரோ 'விடேரே', பார்த்தல். மேலே கண் வைப்பதுதான் இன்விடியா. கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக்கூடாது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் அஞ்சும் அதே கண். வீடியோ என்ற சொல்லுக்கும் வேர் அந்த விடேரேதான். வீடியோ அட்டை செய்யப் புறப்பட்டவர்களுக்கு இது எப்படி வாய்த்தது பாருங்கள். சின்னத்தில் பச்சைக் கண் ஒன்றும் இருக்கிறது. பொறாமையின் நிறம் ஆங்கிலத்தில் பச்சை. நம் ஊரில் கண்ணேறு கழிக்கப் பூசணிக்காய் உடைப்போம், அவர்கள் அதையே வாசலில் பெயராக மாட்டிவிட்டார்கள்.

பழைய வேலை பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கும் கூட்டம் பெரிது. விப்ரோவின் எழுத்துகள் 'வெஸ்டர்ன் இந்தியா வெஜிடபிள் புராடக்ட்ஸ்' என்பதிலிருந்து வந்தவை. 1945-இல் மகாராஷ்டிரத்தின் ஆமல்நேரில் வனஸ்பதி செய்த கம்பெனி. மூன்று நட்சத்திரம் என்று பொருள்படும் சாம்சங் 1938-இல் கருவாடும் நூடுல்ஸும் விற்றது. எல்.ஜி.யின் எல் என்ற 'லக்கி' முகப்பூச்சும் பற்பசையும் விற்ற பெயர். நோக்கியா ஃபின்லாந்தில் ஓர் ஊர். 1865-இல் மரக்கூழ் ஆலையாகத் தொடங்கி, பிறகு அந்த ஊர்ப்பக்கம் நகர்ந்ததால் வந்த பெயர். கறுத்த மென்மயிர் கொண்ட மரநாய் வகை விலங்கு ஒன்றின் பழம்பெயரோடு அதைத் தொடர்புபடுத்துவார்கள். ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் தொடங்கி 2014-இல் மூடப்பட்ட ஆலையின் வாசலில் அந்தப் பெயர்தான் இருந்தது.

எல்லாவற்றிலும் வயதான சொல் அடோபியிடம் இருக்கிறது. 1982-இல் அந்த நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜான் வார்னாக்கின் வீட்டுக்குப் பின்னால் ஓடிய ஓடையின் பெயர் அது. அடோபி என்றால் வெயிலில் காயவைத்த பச்சை மண் செங்கல். ஸ்பானியர் அதை அரபியரிடமிருந்தும், அரபியர் எகிப்தின் காப்டிக் மொழியிலிருந்தும் பெற்றார்கள். காப்டிக் சொல்லுக்குத் தாய், பிரமிடு காலத்து எகிப்தியச் சொல். நம் பி.டி.எஃப். கோப்பைத் திறக்கும்போது மேலே தெரிவது அந்தச் செங்கல்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஓர் எச்சரிக்கையும் தேவை. பெயர்க் கதைகளில் பாதி, பின்னால் யாரோ கட்டிவிட்டவை. கணினியியலின் முன்னோடி ஆலன் டூரிங் 1954-இல் சயனைடால் இறந்தார், படுக்கையருகே பாதி கடித்த ஆப்பிள் கிடந்தது, அவர் நினைவாகத்தான் ஆப்பிள் நிறுவனத்தின் கடிபட்ட சின்னம் என்று ஒரு கதை வாட்ஸப்பில் ஆண்டுதோறும் உலா வருகிறது. உருக்கமான கதைதான், உண்மையல்ல. 1977-இல் அதை வரைந்த ராப் ஜனாஃப், சிறிதாக்கினால் செர்ரிப் பழம் போலத் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகவே கடித்த தடம் போட்டதாகச் சொல்லியிருக்கிறார். ஸ்டீவ் ஜாப்ஸ் ஆப்பிள் தோட்டத்திலிருந்து திரும்பிய நாளில் அந்தப் பெயரைச் சொன்னார். தொலைபேசிப் புத்தகத்தில் தான் முன்பு வேலை பார்த்த அட்டாரிக்கு முன்னால் வரும் என்பதும் அவர் கூறிய காரணங்களில் ஒன்று.

'2001' திரைப்படத்தில் வரும் ஹால் என்ற கணினியின் மூன்று ஆங்கில எழுத்துகளை ஒவ்வோர் இடம் தள்ளினால் ஐ.பி.எம். வருகிறது. வேண்டுமென்றே செய்தது என்று பலரும் நம்பினார்கள். படத்தின் கதையாசிரியர்களில் ஒருவரான, கொழும்பில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க் அதை மறுத்துக்கொண்டே இருந்தார். அந்தக் கதையின் தொடர்ச்சியாக எழுதிய நாவலில் சந்திரா என்ற இந்திய விஞ்ஞானிப் பாத்திரத்தின் வாயாலும் மறுக்க வைத்தார். கணக்குப் போட்டுப் பார்த்தால் அவரை நம்பலாம். மூன்று எழுத்துச் சேர்க்கைகள் மொத்தம் 17,576. உலகறிந்த மூன்றெழுத்துப் பெயர்கள் ஒரு 100 என்றும், முன்னே தள்ளுவது, பின்னே தள்ளுவது, தலைகீழாக்கி இரு பக்கமும் தள்ளுவது என்று நாம் 'அட!' போடக்கூடிய வழிகள் 4 என்றும் கொள்வோம். கண்ணை மூடிக்கொண்டு மூன்று எழுத்து எடுத்தாலும் ஏறக்குறைய 44-இல் ஒரு முறை ஏதாவது ஒரு பிரபலப் பெயரோடு இப்படி ஒத்துப்போகும். அதிசயம் என்று சொல்லும் அளவுக்கு அரிதல்ல.

ஆகவே அடுத்த பெயர்க் கதை உங்கள் கைப்பேசிக்கு வரும்போது, எல்லாருக்கும் அனுப்புவதற்கு முன் அந்த நிறுவனம் தொடங்கிய ஆண்டில் என்ன விற்றது என்று பாருங்கள். பெயர் வைத்தவரோ சின்னம் வரைந்தவரோ என்ன சொல்லியிருக்கிறார் என்று தேடுங்கள். பெரும்பாலும் எங்காவது ஒரு பேட்டி கொடுத்திருப்பார்.